தி ஹிட்ச்-ஹைக்கர் (1953): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழியில் லிப்ட் கேட்டவனைக் காரில் ஏற்றிக்கொண்ட இரண்டு நண்பர்களின் கதை இது. ஐடா லுபினோ இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம், 71 நிமிடம் ஓடும். பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்க ஆசைப்பட்டு எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் கீழே. முடிவைப் பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறது, அது வரும்போது சொல்லிவிடுகிறேன்.

கதை என்ன?

ராய் காலின்ஸ் கார் மெக்கானிக். கில்பர்ட் போவன் (சுருக்கமாகக் கில்) டிராஃப்ட்ஸ்மேன், வரைபடம் போடுகிறவர். இருவரும் பழைய சிநேகிதர்கள். மீன் பிடிக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள், நடுவழியில் மனம் மாறி மெக்சிகோ பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். சாலையோரம் நிற்கும் ஒருவனுக்கு இரக்கப்பட்டு இடம் கொடுக்கிறார்கள். அவன் எம்மெட் மையர்ஸ், ஏற்கெனவே தனக்கு லிப்ட் கொடுத்தவர்களைக் கொன்றுவிட்டுத் தப்பி வருகிறவன். பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் வழியே சாந்தா ரோசாலியா துறைமுகம் வரை தன்னைக் கொண்டுபோய் விட வேண்டும், அங்கிருந்து வளைகுடாவைக் கடந்து குவாய்மாஸ் போய்விடுவேன் என்பது அவன் திட்டம். வேலை முடிந்ததும் இரண்டு பேரையும் சுட்டுவிடுவேன் என்பதையும் அவன் மறைக்கவில்லை.

அவ்வளவுதான் கதை. ஒரு கார், மூன்று ஆட்கள், ஒரு துப்பாக்கி.

ரத்தமே அதிகம் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது?

மையர்ஸின் கண்தான் முதல் காரணம். அவனுடைய ஒரு கண்ணின் இமை மூடாது. தூங்கினாலும் அது திறந்தேதான் இருக்கும். முதல் இரவில் திறந்தவெளியில் படுக்கும்போது இதை அவனே சொல்கிறான்: நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கையில் துப்பாக்கியோடு மையர்ஸ் சாய்ந்து கிடக்கிறான். எதிரே நண்பர்கள் இருவரும் கம்பளிக்குள் படுத்திருக்கிறார்கள். கட்டிப்போடவில்லை, அறையில் அடைக்கவில்லை, சுற்றிலும் பாலைவனம் திறந்து கிடக்கிறது. அவன் தூங்கிவிட்டான் என்று மட்டும் தெரிந்தால் எழுந்து ஓடிவிடலாம். அது தெரியாததால் அசையாமல் படுத்திருக்கிறார்கள். சண்டையும் இல்லை, துரத்தலும் இல்லை. ஒரு மனிதனின் முகத்தைக் காட்டுகிறார் லுபினோ, பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு முகங்களைக் காட்டுகிறார். நாமும் அந்த மூடாத கண்ணையே உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இன்னொரு காட்சி தகர டப்பாவை வைத்து. கில் குறி தவறாமல் சுடக்கூடியவர் என்று தெரிந்ததும் மையர்ஸுக்கு ஒரு விளையாட்டு தோன்றுகிறது. தூரத்தில் போய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி ராயை அனுப்புகிறான். அதைச் சுடச் சொல்லி வேட்டைத் துப்பாக்கியைக் கில்லிடம் கொடுக்கிறான். குண்டு நிறைந்த துப்பாக்கி இப்போது கில்லின் கையில். ஆனால் மையர்ஸின் துப்பாக்கி அவரைக் குறிவைத்திருக்கிறது, சுட்டாக வேண்டும். நண்பனின் கையைத் தன் கையாலேயே சிதைத்துவிடுவோமோ என்ற பயம் கில்லின் முகத்தில் தெரியும். மையர்ஸுக்கு வேண்டியதும் அதுதான். உடம்பில் காயம் படாமல் மனிதனை உடைக்க அவனுக்குத் தெரியும். படத்தில் என்னை அதிகம் பாதித்த காட்சி இது.

தொடக்கக் காட்சியில் கொலைகாரனின் முகத்தை ஏன் காட்டவில்லை?

கால்கள், சாலை, நிற்கும் கார், ஓர் அலறல். முதல் சில நிமிடங்களில் நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான். முகம் தெரியாததால் அவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. படம் ஆரம்பிக்கும்போது வரும் எழுத்தும் அதையேதான் சொல்கிறது: இது ஒரு மனிதன், ஒரு துப்பாக்கி, ஒரு கார் பற்றிய உண்மைக் கதை, துப்பாக்கி அவனுடையது, கார் உங்களுடையதாக இருந்திருக்கலாம்.

நண்பர்களின் காரில் அவன் ஏறிய பிறகும் லுபினோ அவசரப்படவில்லை. பின் சீட்டில் அவன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் இருக்கும் இருவரும் சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்கிறார்கள், பதில் சரியாக வரவில்லை. முதலில் துப்பாக்கி வெளிச்சத்துக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் அவன் முன்னால் சாய்கிறான், இருட்டிலிருந்து முகம் வெளியே வருகிறது. ஒளிப்பதிவாளர் நிக்கலஸ் முசுராக்கா எடுத்த இந்த ஒரே ஷாட்டில் மையர்ஸ் யார் என்று முழுமையாகத் தெரிந்துவிடுகிறது. 1942-இல் வந்த கேட் பீப்பிள், 1947-இல் வந்த அவுட் ஆஃப் தி பாஸ்ட் ஆகியவற்றுக்கு ஒளிப்பதிவு செய்தவரும் இவரே. நிழலை எங்கே விழவைப்பது என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்கள் அன்றைய ஹாலிவுட்டில் மிகக் குறைவு.

நுவார் (இருண்ட மனநிலை கொண்ட அந்தக் கால ஹாலிவுட் குற்றப்பட வகை) என்றால் இரவு, மழை, நகரத்துச் சந்து. இதில் பாதிப் படம் பட்டப்பகலில் நடக்கிறதே?

நல்ல கேள்வி. நுவார் படங்களில் பொதுவாக நகரம்தான் மனிதனைச் சுற்றி நெருக்கும். இங்கே அந்த வேலையைப் பாலைவனம் செய்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாறையும் புழுதியும்தான். ஒளிந்துகொள்ள இடம் இல்லை, கத்தினால் கேட்க ஆள் இல்லை. அந்தப் பெருவெளியின் நடுவில் மூன்று பேர் ஒரு காருக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே மூச்சு முட்டுகிறது. வெயில் காட்சிகளையும் இருட்டுக் காட்சிகளையும் மாறி மாறி வைத்திருப்பதால் பகலிலும் நிம்மதி இல்லை.

அப்புறம், நுவார் என்பது இருட்டை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. சாதாரண மனிதன் ஒரு சின்ன முடிவு எடுப்பான், அதிலிருந்து திரும்பி வர வழி இருக்காது. வண்டியை நிறுத்தி ஒருவனை ஏற்றிக்கொண்டது அப்படி ஒரு முடிவு.

இது உண்மையிலேயே நடந்த கதையா?

அடிப்படை உண்மை. 1950-இன் கடைசி நாள்களிலும் 1951-இன் தொடக்கத்திலும் பில்லி குக் என்பவன் அமெரிக்காவில் ஆறு பேரைக் கொன்றான். அதில் ஐந்து பேர் ஒரே குடும்பம், மூன்று பேர் குழந்தைகள். லிப்ட் கேட்டவனை ஏற்றிக்கொண்டதைத் தவிர அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. உடல்களை மிசூரி மாநிலத்தில் ஜாப்ளின் ஊர்ப் பக்கம் கைவிடப்பட்ட சுரங்கக் குழி ஒன்றில் போட்டுவிட்டான். கலிஃபோர்னியாவில் ஒரு விற்பனைப் பிரதிநிதியையும் கொன்றான். பிறகு இரண்டு பேரைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு மெக்சிகோவுக்குள் போனான். சாந்தா ரோசாலியாவில் திஹுவானா நகரின் போலீஸ் தலைவர் பிரான்சிஸ்கோ கிராவுஸ் மொராலெஸ் அவனைப் பிடித்தார். பிணையாக இருந்த இருவரும் உயிரோடு மீண்டார்கள்.

மூடாத கண் கற்பனை இல்லை. குக்குக்கும் ஒரு கண்ணின் இமை சரியாக மூடாது.

லுபினோ எடுத்துக்கொண்டது கதையின் கடைசிப் பகுதியை, பிழைத்தவர்களின் பகுதியை. கொலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பெயரை மாற்றி, குழந்தைகளின் மரணத்தை முழுக்க விட்டுவிட்டார். அன்றைய தணிக்கை விதிகள் நிஜக் குற்றவாளியை அப்படியே திரையில் காட்ட இடம் கொடுக்கவில்லை. ஆனால் அதைத் தாண்டியும் இது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். செத்தவர்களின் வேதனையை வேடிக்கையாக்காமல், உயிரோடு இருப்பவர்களின் ஒவ்வொரு மணி நேரத்தையும் அவர் பார்க்கவைக்கிறார். படப்பிடிப்பு நடந்த 1952 கோடையில் குக் மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்தான். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சான் குவென்டின் சிறையில் நச்சுவாயு அறையில் தண்டனை நிறைவேறியது. படம் 1953 மார்ச்சில் வெளியானது. சம்பவம் நடந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த பலருக்கும் செய்தித்தாளில் படித்தது மறந்திருக்காது.

முன்பின் தெரியாதவனை ஏன் அவ்வளவு சுலபமாக ஏற்றிக்கொள்கிறார்கள்?

அன்றைய அமெரிக்காவில் அது இயல்பான பழக்கம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன். வண்டியைப் பகிர்ந்துகொள்வதும், சாலையில் நிற்கும் ராணுவ வீரனை ஏற்றிக்கொள்வதும் நாட்டுக்குச் செய்யும் கடமை போலப் பார்க்கப்பட்டன. போர் முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நல்ல மனசோடு செய்கிற அந்தக் காரியத்துக்குள் சந்தேகம் நுழையத் தொடங்கிய காலத்தில் இந்தப் படம் வந்தது.

இரண்டு பேர், அவன் ஒருத்தன். ஏன் சேர்ந்து அமுக்கவில்லை?

படம் பார்த்தவர்கள் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. துப்பாக்கி இருக்கிறது, அது ஒரு பதில். ஒருவர் பாய்ந்தால் மற்றவருக்குக் குண்டு விழும். இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, படத்தின் உயிரே அதுதான் என்பேன். தனித்தனியாக என்றால் இருவரில் ஒருவர் எப்போதோ தப்பியிருக்கலாம். மற்றவரை விட்டுவிட்டுப் போக இருவருக்கும் மனசு வரவில்லை. இரவில் தப்பி ஓட முயலும்போது ராயின் கணுக்கால் அடிபடுகிறது, கில் தனியாக ஓடவில்லை.

மையர்ஸுக்கு இது புரியவே இல்லை. ஒருத்தரை ஒருத்தர் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் மாட்டிக்கொண்டீர்கள் என்று ஏளனம் செய்கிறான். எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை, அதனால் நான் யாருக்கும் கடன்பட்டவனில்லை என்பது அவன் கணக்கு. பிறந்தபோதே பெற்றவர்கள் முகத்தைப் பார்த்து வெறுத்தார்கள் என்றும் சொல்கிறான். அந்த ஒரு நொடி அவன் மேல் இரக்கம்கூட வரும். ஆனால் லுபினோ அந்த இரக்கத்தை வைத்து அவனுடைய குற்றத்தை மன்னிக்கவில்லை.

நண்பர்கள் இருவரையும் ஒரே அச்சில் வார்க்காததும் முக்கியம். கில் பொறுமைசாலி, உள்ளுக்குள் வழி தேடிக்கொண்டே இருப்பவர். பெட்ரோல் பங்கில் தன் திருமண மோதிரத்தைக் கழற்றி அடையாளமாக விட்டுவிட்டு வருவார். ராய் மெல்ல மெல்ல உடைந்துபோகிறார். ராயாக நடித்த எட்மண்ட் ஓ'பிரையன் மாதிரி உடம்பும் குரலும் உள்ள நடிகர் கண் முன்னால் நொறுங்குவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். அந்தக் காலத்துப் படங்களில் ஆண்கள் பயந்து அழுவதை இவ்வளவு மரியாதையோடு காட்டியவர்கள் அதிகம் இல்லை.

மெக்சிகோ மக்களைக் காட்டியிருக்கும் விதம் எப்படி?

1953-ஐ மனதில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஸ்பானிஷிலேயே பேசுகிறார்கள், கீழே சப்டைட்டில் கிடையாது. கில்லுக்கு அந்த மொழி தெரியும், மையர்ஸுக்குத் தெரியாது. யாராவது ஸ்பானிஷில் வாய் திறந்தாலே அவன் பதறுகிறான். துப்பாக்கி வைத்திருக்கிறவன் நிலைகுலைவது அந்த இடங்களில்தான். கடையில் ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வரும்போது கில் அவளை அணைத்துக் காப்பாற்றி, அவள் மொழியிலேயே விடை கொடுத்து அனுப்புகிறார். நிமிடக் கணக்கில் சின்னக் காட்சிதான், ஆனால் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த தகப்பன் அதில் தெரிகிறார்.

ஹொசே டொர்வாய் நடித்த கேப்டன் அல்வராடோ நிதானமாக யோசித்து வேலை செய்யும் அதிகாரி. கேலிக்கு ஒருவர், சிரிப்புக்கு ஒருவர் என்று வைக்கவில்லை. நிஜத்தில் குக்கைப் பிடித்தது மெக்சிகோ போலீஸ், படம் அந்தப் பெருமையை அவர்களிடமே விட்டுவைத்திருக்கிறது.

ஐடா லுபினோ யார்?

1918-இல் லண்டனில் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். ஹாலிவுட்டில் நட்சத்திரமாக இருந்தார். 1941-இல் வந்த ஹை சியரா படத்தில் ஹம்ப்ரி போகார்ட்டோடு நடித்தவர். வார்னர் பிரதர்ஸ் கொடுத்த வேடங்களை மறுத்ததற்காக அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்தச் சும்மா இருந்த நாள்களில் படப்பிடிப்புத் தளங்களில் நின்று இயக்கமும் எடிட்டிங்கும் கற்றுக்கொண்டார். 1949-இல் அவர் தயாரித்த நாட் வாண்டட் படத்தின் இயக்குநர் எல்மர் கிளிஃப்டனுக்கு மாரடைப்பு வந்தது. லுபினோ தானே இயக்கி முடித்தார், பெயர் போட்டுக்கொள்ளவில்லை.

கணவர் காலியர் யங்கோடு சேர்ந்து தி ஃபிலிமேக்கர்ஸ் என்ற சின்னக் கம்பெனி நடத்தினார். திருமணம் ஆகாத தாய், போலியோ வந்த நடனக்காரி, வன்புணர்வுக்கு ஆளான பெண் என்று பெரிய ஸ்டூடியோக்கள் தொடத் தயங்கிய விஷயங்களை இவர்கள் எடுத்தார்கள். இருவரும் 1951-இல் விவாகரத்து செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகும் சேர்ந்தே படம் எடுத்தார்கள், இந்தப் படத்தின் திரைக்கதையும் இருவர் பெயரிலும் இருக்கிறது. அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தில் டோரதி அர்ஸ்னருக்கு அடுத்து உறுப்பினரான இரண்டாவது பெண் லுபினோ. பெண் இயக்குநர் என்றால் பெண்களைப் பற்றித்தான் எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, பெண்களே அனேகமாக இல்லாத இந்தப் படம் நேரடியான பதில்.

கதை எழுதியவர் பெயர் விடுபட்டிருக்கிறது என்கிறார்களே?

ஆமாம். மூலக் கதை டேனியல் மெயின்வாரிங் எழுதியது. அவுட் ஆஃப் தி பாஸ்ட் கதையும் அவருடையதுதான். இடதுசாரிகள் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு ஹாலிவுட் கதவைச் சாத்திய காலம் அது. படத்தை வெளியிட்ட ஆர்கேஓ நிறுவனம் அப்போது ஹாவர்ட் ஹியூஸ் கையில் இருந்தது. அவர் மெயின்வாரிங் பெயரைப் போட விடவில்லை. இன்றைக்கு இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கே எடுத்தார்கள்?

பெரும்பகுதி கலிஃபோர்னியாவில், லோன் பைன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அலபாமா ஹில்ஸில். உருண்டையான பாறைகள் குவிந்து கிடக்கும் இடம். நிறைய கௌபாய் படங்களை அங்கே எடுத்திருக்கிறார்கள். குறைந்த செலவில் மெக்சிகோவைக் காட்ட அது வசதியாக இருந்தது. பணம் குறைவு என்பதைப் படம் எங்கேயும் குறையாகக் காட்டவில்லை. செட் போடக் காசில்லை என்றால் பாறையே செட். ஆள்கள் குறைவு என்றால் மூன்று முகங்களுக்கு அருகிலேயே கேமரா. பெரிய பட்ஜெட் இருந்திருந்தால் துரத்தல் காட்சிகளைச் சேர்த்துக் கெடுத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மையர்ஸாக நடித்தவரை வேறு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது.

வில்லியம் டால்மன். 1957-இல் தொடங்கிய பெர்ரி மேசன் தொலைக்காட்சித் தொடரில் அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கராக வந்தவர். கில்லாக நடித்தவர் பிராங்க் லவ்ஜாய். ஓ'பிரையன் 1954-இல் வந்த தி பேர்ஃபூட் கன்டெஸ்ஸா படத்துக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார்.

முடிவு சப்பென்று இருக்கிறதே? (படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள்.)

அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்தில் மையர்ஸ் தன் உடையை ராய்க்குப் போட்டுவிட்டு அழைத்துப் போகிறான், போலீஸ் சுட்டால் ராய் சாகட்டும் என்று. கைகலப்பு கொஞ்ச நேரம்தான், மாட்டிக்கொள்கிறான். துப்பாக்கி போனதும் அவன் ஒன்றுமே இல்லை. இத்தனை நேரம் மிரட்டியவன் அலறித் திமிறும் ஒருவனாகச் சுருங்கிவிடுகிறான். அவனுக்கு வீரமான சாவு கொடுக்கக் கூடாது என்று லுபினோ முடிவெடுத்திருக்கிறார். விலங்கு மாட்டிய பிறகு ராய் அவனை அடிக்கிறார். அதில் வெற்றி எதுவும் தெரியவில்லை, அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் தாமதமாக வெளியே வருகிறது. எனக்கு இந்த முடிவு சரியாகவே படுகிறது. வேகம் மட்டும் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

குறை என்று ஏதாவது?

போலீஸ் தரப்புக் காட்சிகள். வானொலிச் செய்தியைத் தந்திரமாகப் பயன்படுத்தும் யோசனை நன்றாக இருக்கிறது. ஆனாலும் காரை விட்டு வெளியே போகும்போதெல்லாம் இறுக்கம் தளர்கிறது.

எந்தப் பிரதியைப் பார்ப்பது?

அமெரிக்காவில் காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதனாலேயே மங்கிப்போன, இருட்டில் ஒன்றும் தெரியாத பிரதிகளும் நிறைய உலவுகின்றன. பின் சீட்டுக் காட்சியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். இருட்டுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கும் உருவம் லேசாகவாவது தெரிய வேண்டும். வெறும் கறுப்புத் திட்டாக இருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு வேறு தேடுங்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாத்த 35 எம்எம் படச்சுருளிலிருந்து எடுத்த ப்ளூ-ரே தெளிவாக இருக்கும். 1998-இல் அந்த நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் படம் இடம்பெற்றது.

இது பிடித்தால் அடுத்து என்ன பார்க்கலாம்?

எட்கர் ஜி. உல்மர் இயக்கிய டீடூர், 1945. இதைவிடவும் ஏழைப் படம். அதில் லிப்ட் கேட்டுப் போகிறவன் பக்கமிருந்து கதை நடக்கிறது. ஏற்றிக்கொண்டவர் வழியில் இறந்துபோகிறார், நம்ப யாரும் இல்லை. அப்புறம் லுபினோவே 1953-இல் இயக்கிய தி பிகமிஸ்ட். அதில் ஓ'பிரையன் இரண்டு குடும்பம் நடத்துகிறவராக வருவார். ஒரு மனைவி லுபினோ. இன்னொரு மனைவி ஜோன் ஃபான்டெய்ன், அப்போது நிஜத்தில் காலியர் யங்கின் மனைவி. யாரையும் வில்லனாக்காமல் மூன்று பேரின் வலியையும் சொல்லும் படம். தி ஹிட்ச்-ஹைக்கரின் இறுக்கத்தை அங்கே எதிர்பார்க்காமல் போய்ப் பாருங்கள்.